பாட்டை மறந்த பறவையும் விதை கட்டாத பூண்டும்



ஓர் உயிரினம் எப்போது அழிகின்றது? இக்கேள்வியைக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் "அதன் கடைசி உயிர் சாகும்போது" என்றே விடை கூறுவோம். அந்த விடை பிழையன்று, ஆனால் போதாது. கடைசி உயிர் சாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, இன்னும் சில நூறு உயிர்கள் நலமாக இருக்கும்போதே, அழிவு உள்ளே புகுந்துவிடுகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. பறவை பறக்கின்றது, செடி பூக்கின்றது. எல்லாம் வழமைபோல் நடப்பதாகவே தோன்றும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கில் வாழும் இரண்டு உயிர்களை இப்பாடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று பாடும் பறவை; மற்றது பூக்கும் செடி. இரண்டும் கமத்துக்கு ஏற்ற நல்ல மண்ணிலே வாழ்ந்தவை. இரண்டும் அந்த மண்ணை இழந்தவை. இரண்டையும் அந்நாட்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக நுணுக்கமாக ஆராய்ந்து வந்துள்ளனர். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனித்தனியே பார்க்கும்போது தெரியாத ஓர் உண்மை தெளிவாகின்றது.

1. இரண்டையும் அறிந்துகொள்வோம்

பறவையின் பெயர் ரீஜன்ற் தேனுண்ணி. நமது வளவுகளில் செவ்வரத்தம் பூவிலே தேன் குடிக்க வரும் தேன்சிட்டைப் போல இதுவும் பூந்தேனை நம்பி வாழ்வது. ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. உருவிலும் இது பெரியது. ஏறக்குறைய 20 முதல் 24 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். கறுப்பு உடலில் மஞ்சள் இழையால் பூவேலை செய்ததுபோன்ற தோற்றம். கண்ணைச் சுற்றி மயிரில்லாத, பருப்பருவான தோல்.

இப்பறவை ஓரிடத்தில் தங்கி வாழ்வதில்லை. யூக்கலிப்டஸ் இன மரங்கள் எங்கே பூக்கின்றனவோ அங்கே செல்லும். சிறப்பாக, கரடுமுரடான கறுத்த பட்டை உடையதால் 'இரும்புப் பட்டை' என்று அழைக்கப்படும் யூக்கலிப்டஸ் மரங்களின் தேனும், மரக்கிளைகளில் ஒட்டி வளரும் குருவிச்சையின் தேனும் இதற்கு உணவு. முற்காலத்தில் குயின்ஸ்லாந்து மாநிலம் தொடக்கம் தென் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகர்ப்பகுதி வரை பெருங்கூட்டங்களாகத் திரிந்தது. இன்று காட்டில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 300 அல்லது அதற்கும் குறைவு என மதிப்பிடப்படுகின்றது. தென் அவுஸ்திரேலியாவில் முற்றாக இல்லாமற் போய்விட்டது. 2015ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய அரசு இதனை மிகக் கடுமையான ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது.

செடியின் ஆங்கிலப் பெயரைத் தமிழிற் சொன்னால் 'பொத்தான் சுருக்கப்பூண்டு' என்று வரும். இக்கட்டுரையில் சுருக்கமாகப் பொத்தான்பூண்டு என்போம். இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் சூரியகாந்தியைப் போல் நெடிதுயர்ந்து வளராது; ஒரு முழத்திற்கும் குறைந்த உயரமே உடையது. கோடையிலே, அதாவது அந்நாட்டில் டிசெம்பர் தொடக்கம் மார்ச் வரையான காலத்தில், சட்டைப் பொத்தான் போன்ற மஞ்சட் பூக்களைப் பூக்கும். பின்னர் தண்டுகள் காய்ந்துவிடும். அடிவேர் உயிரோடிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒரு செடி இவ்வாறு பல ஆண்டுகள் வாழும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கோல்பேர்ண் நகர்ப்பகுதி, தலைநகர் கன்பரா, விக்டோரியா மாநிலத்தின் மேற்குச் சமவெளி ஆகிய இடங்களில் திட்டுத் திட்டாக இது எஞ்சியுள்ளது. சில திட்டுகளில் பல்லாயிரம் செடிகள் உண்டு. சிலவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய செடிகளே உண்டு. இதுவும் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அரச பட்டியலிற் சேர்க்கப்பட்டுள்ளது.

2. இருவருக்கும் வந்த முதல் அடி

முதற் காரணத்தில் வேற்றுமை இல்லை. நிலம் பறிபோனதே முதற் காரணம்.

பறவைக்கு வேண்டிய மரங்களில் அதிகம் தேன் சுரப்பவை நல்ல மண்ணிலே நின்றவை. கமக்காரர் தேடியதும் அதே நல்ல மண்ணைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோதுமைக்கும் செம்மறி ஆட்டுக்கும் என்று பெருமளவு காடு வெட்டப்பட்டது. இரும்புப் பட்டை மரம் வைரமானது. வேலிக் கம்பத்துக்கும் புகையிரதப் பாதையின் சிலிப்பர் கட்டைக்கும் விறகுக்கும் மிகவும் உகந்தது. ஆகவே தப்பி நின்ற மரங்களும் இவ்வழியே போயின.

பொத்தான்பூண்டு வாழ்ந்த புல்வெளிக்கு மரம் வெட்டும் வேலைகூட இருக்கவில்லை. ஏர் பூட்டினால் போதும். உழுத நிலத்தில் இது மீண்டும் தோன்றவில்லை. ஆடு மாடு ஓயாமல் மேய்ந்த இடங்களிலும் அழிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அந்நிலத்தின் ஆதிக்குடிகள் காலத்துக்குக் காலம் புல்லை எரித்து வந்தனர். புல் எரிந்தால் இச்செடிக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். வேரிலிருந்து அது மீண்டும் துளிர்க்கும். ஆதிக்குடிகள் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்டபோது எரிக்கும் முறையும் நின்றது. புல் அடர்ந்து செடியை மூடியது.

அப்படியானால் இச்செடி எங்கே தப்பியது? யாரும் உழாத இடங்களில் தப்பியது. புகையிரதப் பாதையோரம், தெருவோரம், இராணுவப் பயிற்சி நிலம், சேமக்காலை என்பனவே அவ்விடங்கள். விக்டோரியாவில் றோக்வூட், ட்ருகானினா என்னும் ஊர்களின் சேமக்காலைகள் இதற்குப் பெயர் பெற்றவை. கன்பராவின் பார்ட்டன் பகுதியில் அங்கிலிக்கன் திருச்சபையினர் பேராலயம் ஒன்று கட்டுவதற்கென ஒதுக்கப்பட்ட காணி ஒன்று உண்டு. அப்பேராலயம் கட்டப்படவேயில்லை. அக்காணியிலும் பொத்தான்பூண்டு உயிரோடு நிற்கின்றது. பயன்படாத நிலம் என்று நாம் சொல்லுவது யாருக்குப் பயன்படாத நிலம் என்று சிந்திக்கவேண்டிய இடம் இது.

இதுவரை சொன்னது நாம் கேட்டுப் பழகிய கதை. இனிச் சொல்லப்போவதே இப்பாடத்தின் கரு. எஞ்சியவை சிலவாகிவிட்டபின் அவற்றுக்கு இரண்டாவது அடி ஒன்று விழுந்தது. அதை எந்தக் கோடரியும் ஏரும் போடவில்லை. எண்ணிக்கை குறைந்ததே அந்த அடி.

3. பறவை தன் பாட்டை மறந்தது

குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டிலே இடுவதை நாம் அறிவோம். காகம் வளர்த்த குயிற்குஞ்சு காகத்தைப்போல் கரைவதில்லை. வளர்ந்ததும் குயிலாகவே கூவுகின்றது. யாரும் அதற்குக் கற்பிக்கவில்லை. கூவல் அதன் பிறப்போடு வந்தது.

எல்லாப் பறவைகளும் அவ்வாறல்ல. பாடும் பறவைகள் என்று அறிவியலாளர் வகுத்துள்ள பெருங்குழுவைச் சேர்ந்தவை தம் பாட்டைக் கேட்டே கற்கவேண்டும். நமது பிள்ளைகள் பேசக் கற்பது போன்றது அது. குஞ்சு முதலிலே கேட்கும். பின்னர் மழலையாக முயன்று பார்க்கும். திருத்தித் திருத்தி ஒருநாள் முழுப் பாட்டைப் பாடும். கேட்பதற்கு மூத்த பறவை இல்லையென்றால் அப்பாட்டு வராது.

ரீஜன்ற் தேனுண்ணி இக்குழுவைச் சேர்ந்தது. இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. குஞ்சுகளை வளர்க்கும் காலத்தில் தந்தைப் பறவை பாடுவதை நிறுத்திவிடும். ஆகவே இளம் ஆண் பறவை தந்தையிடம் கற்பதில்லை. கூட்டைவிட்டு வெளியேறியபின் அயலிலுள்ள மற்ற ஆண் பறவைகளிடமே கற்கவேண்டும். கூட்டங் கூட்டமாக வாழ்ந்த காலத்தில் இதிலே எந்தக் குறையும் இருக்கவில்லை. பாடுவோர் எங்கும் இருந்தனர்.

இப்போது நிலைமை வேறு. 300 பறவைகள் பல இலட்சம் ஹெக்டேயர் நிலத்தில் சிதறி வாழ்கின்றன. இளம் பறவை தன் இனத்தின் மூத்த ஆண் ஒன்றைக் காணாமலே முதலாம் ஆண்டைக் கழித்துவிடலாம். கற்கும் பருவம் காத்திருக்காது. தன் இனத்தார் அருகில் இல்லாதபோது, அருகில் பாடும் வேற்றினப் பறவையின் பாட்டை அது கற்றுக்கொள்கின்றது.

அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 முதல் 2019 வரை காட்டிலே இப்பறவைகளின் குரலை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். முடிவுகள் 2021இல் வெளியாயின. நூற்றுக்குப் 12 ஆண் பறவைகள் தம் இனத்தின் பாட்டு எதையும் பாடவில்லை. வேறு பறவைகளின் பாட்டையே பாடின. இன்னும் சில, தம் பகுதிக்குரிய பாட்டிலிருந்து விலகிய பாட்டைப் பாடின. சரியாகப் பாடியவற்றின் பாட்டும் முன்னையதைவிட எளிமையாகிக் குறுகியிருந்தது.

ஒரு பாட்டுத்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். பறவைக்குப் பாட்டு பொழுதுபோக்கு அல்ல. பெண் பறவை தன் துணையை அடையாளங் காண்பது அதனாலேயே. தன் இனத்துப் பாட்டைப் பாடாத ஆண் பறவைகளுக்குத் துணை கிடைப்பதும் குஞ்சு வளர்ப்பதும் குறைவு என்று அதே ஆய்வு காட்டியது. ஆகவே ஆண் பறவை உயிரோடிருக்கின்றது, உடல்நலத்தோடு இருக்கின்றது, எண்ணிக்கைப் பட்டியலில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் இனம் அதன் வழியாகப் பெருகுவதில்லை.

எண்ணிக்கைக் குறைவு இன்னொரு வழியாலும் இப்பறவையை வாட்டுகின்றது. பூத்த மரத்தை விட்டுக்கொடாமல் மற்றப் பறவைகளைத் துரத்தும் பெரிய, முரட்டுத் தேனுண்ணி இனங்கள் அங்கு உண்டு. கூட்டமாக வந்த காலத்தில் ரீஜன்ற் தேனுண்ணிகள் சேர்ந்து நின்று தம் பங்கைப் பெற்றன. ஒன்றிரண்டாக வரும்போது துரத்தப்படுகின்றன.

4. பூண்டு விதை கட்டவில்லை

செடிக்குப் பாட்டு இல்லை, கற்பதும் இல்லை. ஆயினும் அதற்கும் இதையொத்த ஒன்றே நேர்ந்தது.

மஞ்சட் கொடித்தோடை நட்டவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கலாம். ஒரே கொடியிலிருந்து வெட்டிய தண்டுகளை நட்டு வளவு முழுவதும் படரவிட்டால், பூ நிறையப் பூக்கும், வண்டும் வரும், காய் மட்டும் பிடிக்காது. வேறொரு கொடியை அருகில் நட்டதும் காய்க்கும். காரணம், அக்கொடி தன் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. தன்னிலிருந்து வெட்டி நட்ட கொடியும் அதற்குத் தானே.

பொத்தான்பூண்டும் அவ்வாறானதே. ஒவ்வொரு செடியிலும் ஒருவகை அடையாளக் குறி பரம்பரையாக அமைந்துள்ளது. வந்துசேர்ந்த மகரந்தமணியின் குறியும் தன் குறியும் ஒன்றானால் பூ அதனை மறுத்துவிடும். வேறானால் ஏற்கும். நெருங்கிய இரத்த உறவுக்குள் கலப்பு ஏற்பட்டு விதை நலிவடைவதைத் தடுக்க இயற்கை அமைத்த காவல் இது.

செடிகள் ஆயிரக்கணக்கில் நிற்கும்போது குறிகளும் பல. வண்டு எந்தப் பூவிலிருந்து வந்தாலும் ஏற்கத்தக்க மகரந்தத்தையே பெரும்பாலும் கொண்டுவரும். ஆயிரம் செடி இருபதாகும்போது செடிகள் மட்டும் குறைவதில்லை. அழிந்த செடிகளோடு அவை சுமந்த குறிகளும் போய்விடுகின்றன. எஞ்சிய இருபதும் பெரும்பாலும் ஒரே சில குறிகளை உடையவையாகிவிடும். ஓர் ஊரில் எஞ்சியோர் எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகளும் அவர்களின் மக்களுமே என்றால் அவ்வூருக்குள்ளே சம்பந்தம் செய்ய முடியுமா? அதே நிலைதான். வண்டு வரும், பூவுக்குப் பூ தாவும், மகரந்தம் சேரும். ஆனால் விதை கட்டாது.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990களிலிருந்து இச்செடியின் பெரிய கூட்டங்களையும் சிறிய கூட்டங்களையும் ஒப்பிட்டு இதனைக் கண்டறிந்தனர். ஏறக்குறைய 200 செடிகளுக்குக் குறைந்த கூட்டங்களில் பரம்பரை வேறுபாடு குறைந்திருந்தது. ஏற்ற துணை கிடைப்பதும் விதை கட்டுவதும் குறைந்திருந்தன.

இதோடு இரண்டு குறைகள் சேருகின்றன. இச்செடியின் விதைகளிற் பெரும்பாலானவை தாய்ச் செடியிலிருந்து ஒன்றரை அடி தூரத்துக்குள்ளேயே விழுந்துவிடும். ஆகவே ஒரு திட்டிலிருந்து மற்றத் திட்டுக்கு விதை தானாகப் போய்ச் சேராது. மேலும், விதை மண்ணுக்குள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து பின்னர் முளைக்கும் இயல்பும் இதற்கு இல்லை. இவ்வாண்டு கட்டாத விதைக்குப் பதிலாகச் சென்ற ஆண்டுகளின் விதை மண்ணில் காத்திருப்பதில்லை.

5. எங்கே ஒன்றுபடுகின்றன? எங்கே வேறுபடுகின்றன?

இப்போது இரண்டையும் ஒப்பிடுவோம்.

(அ) இரண்டுக்கும் முதல் அடி நிலமிழப்பு. இரண்டாவது அடி சிதறலும் எண்ணிக்கைக் குறைவும். இரண்டிலும் எஞ்சியவை உயிரோடிருக்கின்றன. ஆனால் ஒன்றையொன்று சேரவிடும் இணைப்பு அறுந்துவிட்டது. உயிரோடிருத்தல் வேறு, பெருகுதல் வேறு.

(ஆ) பறவை இழந்தது இரத்தத்தில் இல்லாத ஒன்றை. பாட்டு பிறப்போடு வரவில்லை. மூத்தவர் வாயிலிருந்து இளையவர் காதுக்கு வந்தது. ஆகவே கற்பித்தால் மீண்டும் வரும். ஆனால் கற்பிக்கத் தெரிந்த கடைசிப் பறவை போய்விட்டால் ஆசான் இல்லை.

(இ) செடி இழந்தது இரத்தத்தில் உள்ள ஒன்றை. அதை யாரும் கற்பிக்க முடியாது. வெளியிலிருந்து கொண்டுவரத்தான் வேண்டும். எங்கோ ஒரு திட்டில் அக்குறி எஞ்சியிருந்தால் மகரந்தமாகவோ விதையாகவோ கொண்டுவரலாம். எங்கும் இல்லையென்றால் அது என்றென்றைக்கும் இல்லை.

(ஈ) பறவை பறக்கும்; செடி பெயராது. பறக்க முடிவதால் பறவைக்கு வசதி என்று நினைப்போம். உண்மையில் அதன் தேவை பெரிது. இந்த மாதம் ஒரு காடு பூக்கும். அடுத்த மாதம் நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் இன்னொன்று பூக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தாலும் பறவைக்குப் பட்டினி. ஓர் ஏக்கரை வேலியடைத்துப் பறவையைக் காக்க முடியாது. பொத்தான்பூண்டை ஒரு சேமக்காலையே நூறு ஆண்டுக்கு மேலாகக் காத்து வந்துள்ளது.

சுருங்கச் சொன்னால், பறவைக்குத் தன் இனத்து ஆசான் வேண்டும். செடிக்கு அயலூர் உறவு வேண்டும். நோய் ஒன்று, மருந்து இரண்டு. ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்கு உதவாது. காரணத்தை ஆராயாமல், தொகையைக் கூட்டினால் போதும் என்று வேலை செய்வோர் தவறுவது இவ்விடத்திலேதான்.

6. மீட்கும் வேலை

பறவைக்கு முதலிலே செய்தது தொகையைக் கூட்டும் வேலை. சிட்னியிலுள்ள டரொங்கா மிருகக்காட்சிச்சாலையில் 1995ஆம் ஆண்டு முதல் இப்பறவையைக் கூட்டில் வளர்த்துப் பெருக்கி வருகின்றனர். அவ்வாறு வளர்ந்த பறவைகளை 2008 முதல் விக்டோரியாவின் சில்டர்ன் காட்டிலும், 2020 முதல் நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர் பள்ளத்தாக்கிலும் விட்டனர். ஆனால் கூட்டிலே பிறந்த பறவைகள் காட்டுப் பறவையின் பாட்டைக் கேட்டதில்லை. அவை பாடியது வேறொரு பாட்டு.

எனவே கற்பிக்கும் வேலை தொடங்கியது. முதலில் காட்டுப் பறவையின் பாட்டை ஒலிபெருக்கியிலே குஞ்சுகளுக்குப் போட்டுக் காட்டினர். அதனால் கிடைத்த பயன் போதவில்லை. பின்னர் காட்டிலே பிறந்த ஆண் பறவைகளையே ஆசான்களாகக் குஞ்சுகளின் அருகில் வைத்தனர். அப்போது இளம் பறவைகள் கற்கத் தொடங்கின. ஓர் ஆசானுக்கு மாணவர் தொகை குறைவாக இருந்தபோது இன்னும் நன்றாகக் கற்றன. ஒலிநாடாவால் முடியாததை உயிருள்ள ஆசான் செய்தது.

காடு இல்லாமற் பாட்டு மட்டும் என்ன செய்யும்? ஆகவே மரம் நடும் வேலையும் 1990களிலிருந்து நடந்து வருகின்றது. நியூ சவுத் வேல்ஸின் கேப்பர்ட்டீ பள்ளத்தாக்கிலும் விக்டோரியாவின் பெனல்லா நகரை அண்டிய மலையடிவாரத்திலும் தொண்டர்களும் காணிக்காரரும் சேர்ந்து இவ்வேலையைச் செய்து வருகின்றனர். கமக்காரர் தம் காணியின் ஓரங்களை இதற்கென விட்டுக்கொடுத்துள்ளனர். முன்பு காட்டை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் இதிலே பங்குகொள்ளுகின்றனர் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

செடிக்கு வேறு வழி. சிறிய கூட்டத்துச் செடிக்கு வேறொரு கூட்டத்தின் மகரந்தத்தைச் சேர்த்துப் பார்த்தபோது விதை கட்டுவது கூடியது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பெரிய கூட்டத்திலிருந்து செடிகளையோ விதைகளையோ கொண்டுவந்து சிறிய கூட்டத்தோடு சேர்ப்பது பயன் தரும்.

ஆனால் எந்த அயலானும் உதவுவான் என்று எண்ணக்கூடாது. இச்செடியில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையின் நிறமூர்த்தங்கள் 22; விக்டோரியாவின் மேற்குப் பகுதியிலுள்ள சில கூட்டங்களில் அதன் இருமடங்கு, அதாவது 44. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. அறியாமல் இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடிகள் பெரும்பாலும் வளமற்றவையாக இருக்கும். உதவி செய்யப் போய் உபத்திரவம் செய்ததாக முடியும். ஆகவே கொண்டுவருமுன் எங்கிருந்து, எந்த வகை என்று அறிந்தே செய்யவேண்டும். செடி வந்தபின் புல்லை எரித்தோ வெட்டியோ வெளிச்சம் கொடுக்கும் வேலையும் தொடரவேண்டும்.

7. நமக்குரிய பாடம்

சிதறி வாழ நேர்ந்த குடும்பங்களுக்கு இந்த இரண்டு கதைகளையும் நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒரு கிராமம் சிதறும்போது ஆட்கள் உயிரோடிருப்பர். பதிவேட்டில் பெயர்கள் எல்லாம் இருக்கும். ஆனால் எந்த வயலில் எந்த நெல் என்பதும், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே விதைக்கும் நாளைச் சொல்லும் அறிவும், எந்த வீட்டில் எந்த விதை இருந்தது என்பதும் ஆளோடு ஆள் சேர்ந்திருந்தபோது இருந்தவை. அவற்றிற் சில பாட்டைப் போன்றவை. சில விதைக்குறியைப் போன்றவை. இரண்டையும் பிரித்தறிந்து செயற்படவேண்டும்.

விதையைப் பற்றி முதலிற் சொல்வோம். நெல், பயறு, உழுந்து, கௌபி, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விதை கட்டுபவை. நோயற்ற சில நல்ல செடிகளிலிருந்து விதை எடுத்தாலும் இனம் கெடாது. ஆனால் சோளம் அவ்வாறன்று. அது பிற செடியின் மகரந்தத்தை நம்புவது. மிகப் பெரிய பொத்தி ஒன்றைத் தெரிந்து, அதன் மணிகளையே அடுத்த போகத்துக்கு வைத்து, இவ்வாறே ஆண்டுதோறும் செய்துவந்தால் பயிர் படிப்படியாகக் குறுகி நலியும். பல பத்துச் செடிகளிலிருந்து, முடிந்தால் நூறு செடிகளிலிருந்து, பொத்திக்குச் சில மணிகளாக எடுத்துக் கலந்து வைப்பதே முறை. காணி சிறிதென்றால் இரண்டு மூன்று குடும்பங்கள் தம் விதையை ஒன்றாகக் கலந்து பகிர்ந்துகொள்ளலாம். கடையில் வாங்கிய கலப்பினச் சோளத்துக்கு இம்முறை பொருந்தாது. அதன் மணியை விதைத்தால் தாயைப்போல வராது.

இரண்டாவது, அறிவைப் பற்றியது. விதையைப் போத்தலில் அடைத்து வைக்கலாம். அறிவை அவ்வாறு வைக்க முடியாது. எழுதி வைப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் நல்லவையே. ஆனால் டரொங்காவில் ஒலிபெருக்கிக்கு நேர்ந்ததை மறவாதிருப்போம். கமம் செய்யத் தெரிந்த மூத்தவரோடு ஒரு பிள்ளை ஒரு போகம் முழுவதும் கூட நின்று கற்பதற்கு இணை வேறில்லை. முகாமிலும் வாடகை வீட்டிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கற்கும் பருவம் கடந்துகொண்டிருக்கின்றது. மூத்தவர்களும் நமக்காகக் காத்திருக்கப்போவதில்லை. நிலம் கிடைத்தபின் கற்பிப்போம் என்று தள்ளிவைப்பவர்கள், நிலம் கிடைக்கும் நாளில் கற்பிக்க யார் இருப்பார் என்று இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டின் பின்பக்கத்தில் நாலு பாத்தி போதும், தொடங்கலாம்.

மூன்றாவது, சிறு இடங்களைப் பற்றியது. கோயில் வளவு, சேமக்காலை, பாடசாலை வேலியோரம், குளக்கட்டு ஆகியவற்றைத் துப்புரவு செய்கின்றோம் என்று அடியோடு சுரண்டிவிடுகின்றோம். வேறெங்கும் இல்லாத ஒரு மூலிகையோ புல்லோ அங்கே எஞ்சியிருக்கலாம். மண்வெட்டி எடுக்குமுன் அவ்வூரின் முதியவர் ஒருவரைக் கூட்டிச் சென்று காட்டிக் கேட்பது நல்ல வழக்கம்.

கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. உங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தபோது கொண்டுவந்த விதைகள் எவை? விட்டுவந்தவை எவை? விட்டுவந்தவற்றுள் எது இன்று வேறு யாரிடமாவது உண்டு?

2. உங்கள் பகுதியில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கமத்தொழில் அறிவு ஏதும் உண்டா? அவரிடம் இப்போது கற்பவர் யார்?

3. சோள விதையை இதுவரை எவ்வாறு தெரிந்தெடுத்தீர்கள்? வருகின்ற போகத்தில் எந்த எந்தக் குடும்பங்கள் சேர்ந்து விதை எடுக்கலாம்?

4. உங்கள் சேமக்காலையிலோ கோயில் வளவிலோ வேறிடத்தில் காணாத செடிகள் நிற்கின்றனவா? அடுத்த துப்புரவு வேலைக்கு முன் அவற்றை யார் அடையாளங் காட்டுவார்?

5. "எண்ணிக்கை கூடினால் போதும்" என்று எண்ணித் தொடங்கிய வேலை ஏதும் உங்கள் ஊரில் பயன் தராமற் போனதுண்டா? அங்கே அறுந்திருந்த இணைப்பு எது?